தென்பெண்ணைக் கரையில் ஒரு பட்டினம்

காவேரிப்பட்டினம் என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சு சோழரின் கடல்துறையான பூம்புகாரை எண்ணுவது இயல்பே. ஆனால் கிருஷ்ணகிரிக்குத் தெற்கே தருமபுரி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இந்தச் சிற்றூருக்குக் கடலும் இல்லை, காவிரியும் இல்லை. இதை வளர்த்தது, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர் வழியே இறங்கி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கும் தென்பெண்ணை ஆறாகும்.

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழைச் சமவெளிக்கு இறங்கும் படைகளுக்கு இப்பகுதி வாயிலாக இருந்தமையால், 'பாராமகால்' எனப்பட்ட இந்நிலத்தில் (பாரா என்பது பன்னிரண்டு; இங்கிருந்த கோட்டைகளைக் குறித்தது என்பர்) ஊருக்கு ஊர் கோட்டைகள் எழுந்தன. காவேரிப்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்திருந்தபோது, 1767 ஆகஸ்ட் இறுதியில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி முற்றுகையிட, அது இரண்டே நாளில் பணிந்தது; சில நாட்களில், செப்டம்பர் 3 அன்று, செங்கத்தில் இரு படைகளும் மோதின. பின்னொரு மைசூர்ப் போரை முடித்த 1792 ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை பாராமகாலை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தந்தபின், அலெக்சாண்டர் ரீடும் அவரது உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, இடைத்தரகரின்றி உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் உருவாக்கினர். போரைவிட இதுவே ஊரின் வாழ்வை ஆழமாக மாற்றியது எனலாம்.

ஆற்று நீரைச் சார்ந்த வேளாண்மைக்கு, 1950களின் இறுதியில் மேற்புறத்தில் எழுந்த கிருஷ்ணகிரி அணையும், ஆற்று நீரைப் பாரூர் ஏரிக்குத் திருப்பும் நெடுங்கல் அணைக்கட்டும் துணையாயின. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தபோது, கரையோர ஊர்கள் தம் வாழ்வு எதனோடு பிணைந்தது என்பதை அச்சத்தோடு உணர்ந்தன. பெங்களூரின் கழிவுநீர் கலந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது இன்று இன்னும் பெரிய கவலை.

பால்கோவாவும், தட்டையின் கன்னட நாட்டு உடன்பிறப்பான நிப்பட்டும் ஊரின் கடைவீதிக்குப் பெயர் தந்தவை. எல்லைப்புற வாழ்வை நாக்கே சொல்லிவிடும். எனினும் ஊர் முழுதும் ஒன்றுகூடுவது மாசி மாத மயானக்கொள்ளையில்தான்: அங்காளம்மன் மயானத்துக்கு எழுந்தருள, பக்தர்கள் அம்மன் வேடம் புனைந்து உடன்வர, படையலாக இறைக்கப்படும் தானியமும் காய்கனியும் அள்ளிச் செல்லப்படும் அந்த விழாவுக்குச் சுற்றுப்புறக் கிராமத்தாரும் தென்பெண்ணைக் கரைக்குத் திரண்டு வருகின்றனர்.