எழுத்தும் துருவும்: மாதிரிச் சரக்குப் பெட்டியின் இரு சான்றுகள்

வட அமெரிக்க மாதிரி ரயில் கலையில் பெரிதும் வழங்கும் எச்.ஓ. அளவு, உண்மைப் பொருளை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குவதாகும். அதன்படி 40 அடி நீளமுள்ள சரக்குப் பெட்டி ஏறத்தாழ 14 சென்டிமீட்டராகிறது. உரிமையாளரைச் சுட்டும் எழுத்துகள், பெட்டி எண், சுமைத்திறன், கட்டப்பட்ட மாதம், எடை பார்த்த தேதி ஆகிய அனைத்தும் அச்சிறு பக்கச்சுவரில் இடம்பெற வேண்டியிருப்பதால், தூரிகைக்கு எட்டாத அப்பணியை டீகால் எனப்படும் ஒட்டுப்படம் ஏற்கிறது.

காகிதத்தின் மேல் நீரில் கரையும் பசையும், அதன்மேல் எழுத்து அச்சிட்ட மெல்லிய ஒளிபுகும் படலமும் கொண்டது டீகால். நீரில் நனைத்ததும் பசை இளகிப் படலம் நழுவி வரும். மங்கலான வண்ணப்பூச்சின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று சிக்கினால் படலம் வெள்ளிபோல் மினுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிப் பரப்பை வழவழப்பாக்குவர். பின்னர் படலத்தை மென்மையாக்கும் கரைசலைத் தடவினால், அது ஆணித்தலைகளின் மேலும் பலகை இடுக்குகளிலும் படிந்து, வண்ணத்தோடு ஒன்றிவிடும். அது உலரும்வரை தொட்டால் எழுத்து சிதைந்துவிடும். இறுதியில் பூசப்படும் மங்கல் வார்னிஷ், மினுக்கத்தை அடக்குவதோடு, அடுத்து இடும் வண்ணப்பொடிக்குப் பிடிப்பும் தருகிறது.

அடுத்தது வெதரிங், அதாவது வெயிலும் மழையும் புழுதியும் பட்ட தோற்றத்தை உண்டாக்குதல். கண்டபடி அழுக்குப் பூசுவது வெதரிங் ஆகாது. சக்கரம் வாரியிறைக்கும் சேறு பெட்டியின் முனைச் சுவர்களில் செங்குத்துக் கோடுகளாகப் படிகிறது. வண்ணம் உரிந்த இடத்தில் தோன்றும் துரு மழைநீரோடு கீழ்நோக்கி வழிகிறது. மறுபடி எடை பார்க்கும்போது பழைய எடை எண்ணைச் சிறு சதுரமாக வண்ணம் பூசி மறைத்துப் புதிதாக எழுதுவதால், அழுக்கேறிய சுவரிலும் அச்சிறு சதுரம் மட்டும் துலக்கமாக நிற்கிறது. மிகவும் நீர்த்த வண்ணக் கரைசலும், அரைத்த சுண்ணக்கோல் பொடியும் இத்தடங்களைக் காட்டப் பயன்படுகின்றன.

எழுத்தும் அழுக்கும் ஒரே காலத்தைச் சொல்ல வேண்டும். பெட்டிகளை இயந்திரத்தால் அடையாளம் காண 1967-இல் ஏற்கப்பட்டு 1977-இல் கைவிடப்பட்ட வண்ணப்பட்டைக் குறியீடு, 1955-ஆம் ஆண்டைக் காட்டும் பெட்டியில் இருந்தால் பிழை. கட்டப்பட்ட மாதம் புதிதாயிருக்க, உடல் முழுதும் துருவேறியிருந்தாலும் பிழையே. எனவே, தாம் காட்ட விரும்பும் ஆண்டின் நிழற்படம் ஒன்றைத் தேடிப் பார்த்த பிறகே தூரிகையை எடுப்பது நன்று.