மனத்துயருக்கு ஹார்மோன் மருந்தாகுமா?



கடலோரத்தில் வாழ்வோர்க்குப் புயல் புதிதன்று. ஆயினும், 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலைத் திருவனந்தபுரத்துப் பூந்துறையும் விழிஞ்ஞமும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரும் சின்னத்துறையும் வள்ளவிளையும் எளிதில் மறக்கமாட்டா. மலையாளக் கரையென்றும் தமிழ்க் கரையென்றும் பாராது, நூற்றுக்கணக்கான மீனவரைக் கடல் கொண்டது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர் மீண்டவரும் உண்டு.

இத்தகைய பேரிடரிலிருந்து தப்பியவருள் சிலர்க்கு உடற்புண் ஆறிய பின்னும் மனப்புண் ஆறுவதில்லை. உறக்கம் கெடுகிறது, கண்ட காட்சியே கனவில் மீண்டும் மீண்டும் வருகிறது, சிறிய ஓசைக்கும் உடல் திடுக்கிடுகிறது, தொழில் செய்த இடத்தை அணுகவும் கால் கூசுகிறது. இந்நிலை ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து வாழ்வைக் குலைக்குமாயின், மருத்துவர் அதனைப் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் என்பர். இந்நோய்க்கு ஹார்மோன்களைக்கொண்டே மருந்து காண இயலுமா என்பது இன்று அறிஞர் ஆராய்ந்துவரும் வினாக்களுள் ஒன்று.

ஹார்மோன் என்பது யாது? நாளமில்லாச் சுரப்பிகள் குருதியில் நேரே கலக்கவிடும் இரசாயனப் பொருளே ஹார்மோன். அச்சம் நேர்ந்த கணத்தில், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. சில நிமிடங்களில், மூளையின் ஏவலால் அதே சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் மற்றொரு ஹார்மோனையும் மிகுதியாக விடுகின்றன. இது உடலுக்கு வேண்டிய சர்க்கரையைத் திரட்டித் தருகிறது. அதனோடு நில்லாது, ‘இனிப் போதும்’ என்று மூளைக்கு உணர்த்துவதும் இதுவே. ஏரி நிறைந்ததும் மிகைநீர் கலங்கல் வழியே தானே வழிந்து கரையைக் காப்பது போன்றது இவ்வேற்பாடு. ஓயாத இன்னல் உடலில் விளைக்கும் மாறுதல்களை ஹான்ஸ் செலி என்னும் அறிஞர் 1936-இல் எடுத்துரைத்த பின்னர், இத்துறை வேகமாக வளர்ந்தது.

ஹார்மோன் குறைவால் மனம் நலிவதும், அக்குறையை நிரப்ப மனம் தெளிவதும் நெடுங்காலமாகத் தெரிந்த உண்மைகள். கழுத்தின் முன்புறத்தே உள்ள தைராய்டுச் சுரப்பியை இதற்குச் சான்றாகக் கூறலாம். 1891-இல் ஜார்ஜ் மர்ரி என்னும் ஆங்கில மருத்துவர், ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தி நோயாளி ஒருவரைத் தேற்றினார். 1949-இல் இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், தைராய்டுக் குறைவால் மனம் பேதலித்த 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருட் பெரும்பாலோர் தைராய்டு மருந்தினால் நலம் பெற்றனர்.

திருவனந்தபுரத்து மக்களுக்கு இச்செய்தி மிக நெருங்கியது. இந்தியாவில் பெண்களிடையே தைராய்டுப் புற்றுநோய் மிகுதியாகப் பதிவாகும் மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. சுரப்பி முழுவதையும் அகற்றிக்கொண்டவர் வாழ்நாள் முழுதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். அது தவறினால் சோர்வும் மந்தமும் துயரமும் வந்து சேரும். ‘வீட்டுக் கவலையால் இப்படி இருக்கிறாள்’ என்று சுற்றத்தார் எண்ணிக் காலங்கழிப்பர். ஒரு குருதிச் சோதனை உண்மையைக் காட்டிவிடும்.

மகப்பேற்றை அடுத்து வரும் மனச்சோர்வில் அண்மையில் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்துள்ளது. கருவுற்ற காலத்தில் மிகுந்திருக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து, மூளையை அமைதிப்படுத்தும் ஒரு பொருள் உண்டாகிறது. குழந்தை பிறந்ததும் அதன் அளவு திடீரெனத் தாழ்கிறது. அப்பொருளையே மருந்தாக்கி, 60 மணி நேரம் இரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் முறைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019-இல் ஒப்புதல் அளித்தது. அதனை ஒத்ததும், 14 நாட்கள் உட்கொள்ளத் தக்கதுமான மருந்துக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்தது.

ஆனால், புயலும் விபத்தும் தரும் அதிர்ச்சிக்கு இத்துணைத் தெளிவான விடை இன்னும் கிட்டவில்லை. கடும் நோய்த்தொற்றால் உயிருக்குப் போராடிய நோயாளிகளுக்குக் கார்ட்டிசால் மருந்தளித்ததில், பிழைத்தவரிடையே அதிர்ச்சி மனநோய் குறைந்து காணப்பட்டதென ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர் 2001-இல் அறிவித்தனர். ஆய்வுக்குட்பட்டோர் தொகை சிறிது. தாய்மையோடும் அன்போடும் இணைத்துப் பேசப்படும் ஆக்சிடோசினை மூக்கின் வழியே அளித்துப் பார்த்த ஆம்ஸ்டர்டாம் ஆய்வின் முடிவு 2017-இல் வெளிவந்தது. எல்லாரையும் ஒருசேர நோக்குமிடத்து வேறுபாடு தென்படவில்லை. தொடக்கத்திலேயே கடுந்துன்பம் உற்றவரிடம் மட்டும் ஓரளவு பயன் தென்பட்டது. ஆகவே இவை நம்பிக்கை தரும் ஆய்வுகளேயன்றி, கடையில் வாங்கி உண்ணத் தக்க மருந்துகள் அல்ல.

மிகை நம்பிக்கை கூடாதென்பதற்கு வரலாறும் சான்று பகர்கிறது. இன்சுலினும் ஒரு ஹார்மோனே. 1933-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வியன்னா நகரத்து மான்ஃபிரட் சாக்கெல், இன்சுலினால் நோயாளியை நினைவிழக்கச் செய்து மனச்சிதைவு நோயைத் தீர்க்கலாமென்றார். உலகெங்கும் அம்முறை பரவியது. அதனால் உயிரிழந்தோரும் உண்டு. 1957-இல் வெளியான இலண்டன் ஆய்வொன்றில், வேறொரு மயக்க மருந்தும் அதே அளவு பயனே அளித்தது. நலம் தந்தது இன்சுலின் அன்று. அந்நோயாளிகளுக்குக் கிடைத்த இடைவிடாத கவனிப்பே பெருங்காரணமாக இருந்திருக்கலாம் என்று பலர் கருதினர். இன்சுலின் முறை பின்னர் வழக்கொழிந்தது.

அன்பர்களே, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதனால் அறியத்தக்கவை சில உண்டு. கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளுதல் கூடாது. நெடுநாள் உட்கொண்டால் அவையே உறக்கத்தைக் கெடுத்து மனத்தைக் கலக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரும். காரணம் விளங்காத சோர்வு நீடித்தால், தைராய்டுச் சோதனை செய்யுமாறு மருத்துவரைக் கேளுங்கள். அதிர்ச்சியால் வந்த மனநோய்க்கு, பயிற்சி பெற்ற மருத்துவரிடம் படிப்படியாகப் பேசித் தேறும் சிகிச்சையே இன்று முதலிடம் பெற்றுள்ளது; தேவைக்கேற்ப மருந்துகளும் உண்டு.

மனநோயை மறைக்கும் வழக்கமே சிகிச்சைக்குப் பெருந்தடை. திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் 1870 முதலே மனநோய் மருத்துவமனை இயங்கி வருகிறது. ஆயினும், அதன் வாயிலை மிதிக்க இன்றும் நாணுவோர் உளர். ஊர்விட்டு ஊர் வந்தவர்க்கோ மொழியும் தடையாகிறது. துயரத்தைத் தாய்மொழியிற் சொல்வது போல் பிறமொழியிற் சொல்ல இயலாதன்றோ! 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவை இக்குறையை ஓரளவு தீர்க்கும். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 14416 என்னும் எண்ணை அழைத்துத் தமிழிலேயே உதவி கோரலாம், கட்டணம் இல்லை. ஹார்மோன் ஆய்வுகள் கனியும் நாள் வரட்டும். அதுவரை காத்திராமல் இன்றே பெறத்தக்க உதவி இது.