குடைக்கம்பி உளியாகிறது!
செலவில்லாமல் ரப்பர் ஸ்டாம்புக் கருவிகள்

ரப்பர் ஸ்டாம்பு என்றவுடனே நம் நினைவுக்கு வருவது ஆபீஸ் மேஜைதான். ஆனால், பென்சில் எழுத்தை அழிக்கும் சாதாரண ரப்பர் துண்டிலே பூவும் மீனும் செதுக்கி, மையில் ஒற்றிக் காகிதத்தில் பதிப்பது இன்று பல நாடுகளில் ஒரு கைக்கலையாக வளர்ந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதைச் சுலபமாகக் கற்றுக்கொள்ளலாம். தடையாக நிற்பது கருவிகளின் விலைதான். ரப்பர் மலிவு; சிற்றுளிப் பெட்டியோ மலிவல்ல. பெட்டி வாங்கினால்தான் வேலை என்று சொல்லிவிட்டால், ஆசையுள்ள ஏழைப் பிள்ளை தொடங்குவதற்கு முன்பே ஒதுங்கிவிடுகிறது.

அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. ஓர் உடைந்த குடை போதும்!

தொழிலின் கதை

பென்சில் கோட்டை அழிக்கும் ஒரு பொருளைப் பற்றி இங்கிலாந்து விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி 1770-ல் எழுதினார். ஆனால், பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். 1844-ல் காப்புரிமையும் பெற்றார். அதன் பிறகே ரப்பர் முத்திரை பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், பொய்ப்பல் கட்டுவதற்காகப் பல் வைத்தியர்கள் ரப்பரைப் பதப்படுத்திய சிறு கலன்களே ஆரம்பகால ஸ்டாம்புத் தொழிலாளர்களுக்கும் உதவின. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வேலையை முடிப்பது இந்தத் தொழிலின் பிறவிக் குணம் போலும்!

உளி, கத்தி, வளையம்

குடைத் துணியைத் தாங்கும் இரும்புக் கம்பிகளைப் பாருங்கள். பல குடைகளில் அவை ‘ப’ எழுத்தைப் போல் உட்குழிந்திருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. உருண்டைக் கம்பி உதவாது. குடை ரிப்பேர்க்காரரிடம் கேட்டால் ஒரு கம்பி கிடைக்காமலா போகும்? விரல் நீளத்துக்கு நறுக்கி, நுனியின் வெளிப்புறத்தைச் சாணைக்கல்லில் சரிவாகத் தீட்டுங்கள். உட்புறத்துப் பிசிறை எமரித் தாளை மடித்துத் தேய்த்து எடுங்கள். மறுமுனையை மூங்கில் துண்டில் செருகி, நூலைச் சுற்றிப் பசை தடவினால் அருமையான சிற்றுளி தயார்.

இரும்பு அறுக்கும் ரம்பத்தின் உடைந்த அலகைத் தீட்டினால் கத்தியாகும். தீட்டும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும்; சூடேறினால் எஃகின் உரம் போய்விடும். பழைய ரேடியோவின் நீட்டு ஏரியலில் ஒன்றுக்குள் ஒன்றான குழாய்கள் இருக்கும். அவற்றை நறுக்கினால், சிறிதும் பெரிதுமாக வட்டம் வெட்டும் வளையங்கள் கிடைக்கும். தீட்டுகிற வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகளிடம் விடக் கூடாது.

செதுக்கும் முறை

மெல்லிய தாளில் பென்சிலால் அழுத்தி வரைந்து, அதை ரப்பரின்மேல் கவிழ்த்துத் தேயுங்கள். படம் இடவலம் மாறி விழும். அச்சிடும்போது நேராக வரும். எழுத்துக்கு இது மிக முக்கியம். ‘ப’வை எப்படிச் செதுக்கினாலும் தப்பித்துக்கொள்ளும், ‘ட’ உடனே காட்டிக் கொடுத்துவிடும்!

கோட்டின் பக்கங்கள் அடியில் அகன்று சரிவாக இருக்கட்டும். அடியைக் குடைந்துவிட்டால், அழுத்தும்போது கோடு வளைந்து கிழியும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். ரப்பரைப் பிடிக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் சோப்புக் கட்டியில் செதுக்கிப் பார்ப்பது நல்லது.

மை ஒற்றுவதற்குத் தகர டப்பா மூடியில் பழைய பனியன் துணியை மடித்து வைத்து, ஸ்டாம்பு மை விட்டால் போதும். முடிந்த முத்திரையைக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். இக்காலத்து வினைல் ரப்பர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தால் அதனோடு இளகி ஒட்டிக்கொள்ளும்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கார் முத்திரையைப் போலச் செதுக்கிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அது கைத்தொழில் அல்ல, குற்றம்! தன் பெயரின் முதல் எழுத்தைத் தானே செதுக்கி, தன் நோட்டுப் புத்தகத்தில் பதித்துப் பார்க்கும் பிள்ளைக்கு வேறு முத்திரை எதற்கு?