பெட்டிக்கு உண்டு, வீட்டுக்கு இல்லையா?

கரடியூர் முனையில் நின்று பாருங்கள், தோழர்களே! சேர்வராயன் மலையின் குளிர்காற்று முகத்தைத் தடவும். கீழே சமவெளி வெயிலில் காயும். மலையிலே வீடு தேடும் சீமான் கேட்கிறார்: "சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியுமா?" தெரியும் என்றால் விலை ஏறுகிறது. கீழே சேலத்தில் வாடகை வீடு தேடும் தொழிலாளி கேட்கிறான்: "முன்பணம் எவ்வளவு?" தொகையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. இருவருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "இந்த வீடு எவ்வளவு மின்சாரம் விழுங்கும்?"

கடையிலே கேட்கிறோமே! ஃபிரிட்ஜ் வாங்கும்போது, "எத்தனை ஸ்டார்?" என்கிறோமே! மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய முத்திரை அது. சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டிக்கு அத்தனை ஆராய்ச்சி. பல லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒரு கேள்வியும் இல்லை!

வீட்டுக்கும் ஒன்று முதல் ஐந்து விண்மீன் வரை முத்திரை என்று 2019-இல் அதே பணியகம் அறிவித்தது. ஆனால், விரும்பினால் பெறலாம் என்றே தொடங்கியது. விரும்புவாரா வீட்டுக்காரர்? கூரையைக் குளிர்விக்கும் செலவு அவருடையது. கூரை சுட்டால் மின்கட்டணம் குடியிருப்பவனுடையது!

முத்திரை வந்தால் என்ன நடக்கும்? நெதர்லாந்தில் 2008-இல் வந்தது. புரூனன், கோக் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் விற்பனைக் கணக்கை ஆராய்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டனர்: நல்ல முத்திரை பெற்ற வீடுகள் 3.7 விழுக்காடு கூடுதல் விலைக்குப் போயின. இங்கிலாந்திலோ 2018-இல் சட்டமே பாய்ந்தது. ஏழு படிகளில் கடைசி இரண்டில் கிடக்கும் வீட்டை, விலக்குப் பெற்றாலன்றி, புதிதாக வாடகைக்கு விடக் கூடாது! அதன் பிறகு அங்கே வீட்டைச் செப்பனிடும் கவலை உரிமையாளருக்கு வந்தது.

"விலை ஏறினால் வாடகையும் ஏறுமே?" என்பீர்கள். ஏறலாம். ஆனால் மின்கட்டணம் என்ற பெயரில் இன்றும் ஒரு மறைமுக வாடகை கொடுக்கிறோமே, அது கணக்கில் இல்லையா? முத்திரை அதை வெளிச்சத்துக்கு இழுக்கும். பேரம் பேச ஏழைக்கு வாய் தரும்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் தமிழக அரசு தந்தது. சூடேறிய கான்கிரீட் தளத்தின் அடியில், ஓயாமல் ஓடும் விசிறி அதை விழுங்கிவிடுகிறது! வெள்ளைப் பூச்சு, சன்னலுக்கு மேல் நிழல், வாசலில் ஒரு மரம் — இவை புது வித்தையா? பாட்டன் அறிந்தவைதானே! அறியாமையல்ல குறை, அறிவிக்காமையே குறை.

ஆகவே, வாடகை ஒப்பந்தம் எழுதும்போது அந்த விண்மீனும் எழுதப்படட்டும். பெட்டிக்குள் வைக்கும் காய்கறிக்குக் கிடைத்த நீதி, வீட்டுக்குள் வாழும் மனிதனுக்கும் கிடைக்கட்டும்!