வலிக்கும் கை யாருடையது?

எங்கள் ஆம்பூர்ப் பகுதி மாணவர்களிடம் ஒரு பொருளைக் கொடுத்து, இது தோலா ரெக்சினா என்று கேட்டுப் பாருங்கள். முகர்ந்து பார்ப்பார்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள், துளைகள் ஒரே சீராக இருந்தால் “அச்சு அடிச்சது சார்” என்பார்கள். பலருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனியில் அப்பர் தைப்பவர்கள். அசல் எது, செய்தது எது என்பது இங்கே வீட்டுப் பேச்சு. பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் நடத்தும்போது ஒரு ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றிய பேச்சு வந்தது. “உடம்பு முழுக்க மிஷின்னா, அது அவங்கதானா சார்?” என்று ஒருவன் கேட்டான்.

தொடரின் பெயர் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’. மசமுனே ஷிரோ 1989இல் வரையத் தொடங்கிய படக்கதை அது. 1995இல் மமோரு ஒஷீ திரைப்படமாக்கினார். கென்ஜி கமியாமா இயக்கிய தொலைக்காட்சித் தொடர் 2002இல் வந்தது. நாயகி மோட்டோகோ குசனாகி ஒரு காவல் பிரிவின் அதிகாரி. அவருக்கு மூளையைத் தவிர எல்லாமே செயற்கை உடல். உடலை ‘ஷெல்’ என்கிறார்கள். நான் என்ற உணர்வு ‘கோஸ்ட்’. என்னை அதிகம் யோசிக்க வைத்தவை தச்சிகோமா என்னும் சிறிய டாங்கிகள்தாம். அன்றாடம் அவற்றின் நினைவுகளை ஒன்றாகக் கலந்து எல்லாவற்றுக்கும் பகிர்ந்துவிடுகிறார்கள். அப்படியும் ஒவ்வொன்றும் ஒரு குணத்தோடு வளர்கிறது. ஒன்று புத்தகம் வாசிக்கிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் நம்மில் பலருக்கு நினைவு வரும். ஒரு எச்சரிக்கை: தொடரில் வன்முறை உண்டு. வகுப்பில் திரையிட ஏற்றதல்ல, கதையாகச் சொன்னால் போதும்.

மாணவனுக்குப் பதில் சொல்ல நான் ஜப்பான்வரை போகவில்லை. வேலூரிலேயே இருந்தது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி நிமிர்த்தினார். அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு வேறொன்று. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை பொதுவாக நம்பினார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாததால் சூடும் வெட்டும் அழுத்தமும் கவனிக்கப்படாமல் போகின்றன. அந்தக் காயங்களே விரலைத் தின்கின்றன என்று பிராண்ட் காட்டினார். துருப்பிடித்த பூட்டைத் தான் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் எளிதாகத் திறந்ததையும், அவன் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது அவனுக்கே தெரியாததையும் அவர் எழுதியிருக்கிறார். இரவில் எலிகள் விரலைக் கடித்ததுகூடத் தெரியாமல் தூங்கியவர்கள் இருந்தார்கள். நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்களாம்! வலியற்ற பாதங்களுக்காக மென்மையான நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகளும் இங்கே உருவாயின. செருப்பும் ஷூவும் தைக்கும் ஊர்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த நோயாளிகளில் சிலர் தம் கைகளைத் தம்முடையவையாக நினைக்கவில்லை என்பதையும் பிராண்ட் கவனித்தார். கருவியைப் போலப் பயன்படுத்தினார்கள், கருவியைப் போலவே அலட்சியமாக விட்டார்கள். குசனாகியின் கதை தலைகீழாக நடந்ததுபோல் இருக்கிறது. அவருடைய உடல் தொழிற்சாலையில் செய்தது, ஆனால் அதைத் ‘தான்’ என்கிறார். இவர்களுடையது பிறந்த உடல், ஆனால் உணர்வு போனதும் அந்நியமாகிவிட்டது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே செயற்கை வலியை உருவாக்க முயன்றார். கையுறையில் அழுத்தம் உணரும் கருவிகள். ஆபத்தான அழுத்தம் வந்தால் காதில் ஒலி. ஒலியைப் பொருட்படுத்தவில்லை. பிறகு நன்றாக உணர்ச்சியுள்ள இடத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஏதாவது கடினமான வேலை செய்ய வேண்டியிருந்தால் நோயாளிகள் இணைப்பை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அணைக்க முடிகிற எச்சரிக்கை வலியாகாது. திட்டம் கைவிடப்பட்டது.

அனிச்சைச் செயலை நடத்தும்போது சூடான பாத்திரத்தைத் தொட்டு இழுக்கும் கையைத்தான் நாம் எல்லோரும் எடுத்துக்காட்டுவோம். அதோடு இந்தக் கையுறைக் கதையையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நாற்பது நிமிடம் போதாது. ரோபோவுக்கு வலி வைத்தால் அது மனிதனாகிவிடுமா என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. குழுக்களாக விவாதிக்க விடுகிறேன். “அணைக்க முடியாத ஸ்விட்ச் வைக்கணும்” என்றாள் ஒரு மாணவி. “அப்ப அதுக்குக் கோபம் வரும்” என்றான் பக்கத்திலிருந்தவன்.

இந்தப் பாடத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. தோலில் வெளிறிய அல்லது சிவந்த, தொட்டால் உணர்ச்சி குறைந்த தேமல் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். வலிக்காத தேமலைக் குழந்தை நம்மிடம் சொல்லாது. ஆகவே உணர்ச்சி, வலி பற்றிப் பேசிய கையோடு, இப்படி இருந்தால் வந்து சொல்லலாம் என்று வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். யாரேனும் வந்தால் மற்றவர் முன்னால் கேட்காமல், பெற்றோருடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது நல்லது. கூட்டு மருந்து சிகிச்சை அங்கே இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ எடுத்துக்கொள்ள வேண்டும். நரம்பு கெடுவதற்கு முன் தொடங்கிவிட்டால் ஊனம் ஏற்படாமல் தடுத்துவிடலாம்.