தரைக்குக் கீழே மாளிகை, வீட்டுக்கு வீடு குளியல் தொட்டி! துனிசியா அதிசயங்கள் தெரியுமா?

ரோமானியர் கட்டிய பிரம்மாண்டமான அரங்கைப் பார்க்க இத்தாலிக்குத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? வட ஆப்பிரிக்க நாடான துனிசியாவில் எல் ஜெம் என்ற சின்ன ஊருக்குப் போங்கள். தாழ்வான வீடுகளுக்கு நடுவே வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது கி.பி. 3ஆம் நூற்றாண்டு அரங்கம். சுமார் 35,000 பேர் உட்காரலாம்! இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரமே கிடையாது என்றால் நம்புவீர்களா? ஆலிவ் எண்ணெய் வியாபாரத்தில் கொழித்த ஊர், அந்தக் காசில் எழுப்பியது இது. மைதானத்துக்கு அடியில் இறங்கினால், காட்டு விலங்குகளை அடைத்து வைத்த அறைகள் இன்றும் வரிசையாக இருக்கின்றன!

துனிசியாவிலேயே இருக்கும் கார்த்தேஜ் எல்லோரும் அறிந்த பெயர். கி.மு. 814இல் எலிசா என்ற ஃபினீசிய இளவரசி நிறுவியதாக மரபு. ஒரு மாட்டுத்தோல் மூடும் அளவு நிலம் போதும் என்று கேட்டு வாங்கி, அந்தத் தோலை மெல்லிய வாராக நறுக்கி ஒரு குன்றையே வளைத்துக்கொண்டாளாம்! கி.மு. 146இல் ரோமானியர் நகரத்தை அழித்து, மண்ணில் உப்பைத் தூவினார்கள் என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். அழித்தது நிஜம். உப்புக் கதையைப் பழங்கால ஆசிரியர் ஒருவர்கூட எழுதவில்லை, தெரியுமா?

ஆனால் கார்த்தேஜோடு ஊர் திரும்பிவிடாதீர்கள்! துனிசியாவின் உண்மையான அதிசயம், பேர் அதிகம் கேள்விப்படாத ஊர்களில்தான் இருக்கிறது.

வடமேற்கில் உள்ள புல்லா ரெஜியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் கொளுத்தும் பகுதி. அங்கிருந்த செல்வந்தர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டின் ஒரு தளத்தையே பூமிக்குள் இறக்கிவிட்டார்கள்! படியிறங்கிப் போனால் தூண்கள், நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் சாப்பாட்டுக் கூடமும் படுக்கையறைகளும். வெளியே அனல், உள்ளே குளுமை. கூரை வளைவை உற்றுப் பாருங்கள்: விரல் நீளத்தைவிடச் சற்றே பெரிய சுடுமண் குழாய்களை ஒன்றின் வாயில் ஒன்றாகச் செருகிக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வெறும் காற்று, அதனால் எடை குறைவு! தரையில், பதித்த இடத்திலேயே மொசைக் ஓவியங்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும், மங்கிக் கிடந்த மீன்களும் கடல் தேவதையின் முகமும் பளிச்சென்று நிறம் காட்டும்!

அடுத்து, கடலோரத்தில் கெர்குவான். 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபினீசிய மரபு நகரம் இது. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் நடுவில், ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த முதலாம் பியூனிக் போர்க் காலத்தில் மக்கள் கைவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ரோமானியர் இதன் மேல் ஒரு கல்லும் வைக்கவில்லை. அதனால்தான் தெருவும் வாசலும் அப்படியே கிடைத்தன! வீட்டுக்கு வீடு குளியல் தொட்டி, தெரியுமா? உட்கார்ந்து குளிக்கத் திண்டு, கை வைக்கச் சாய்வு, தண்ணீர் கசியாத இளஞ்சிவப்புப் பூச்சு. ஒரு வீட்டு வாசலில் சிவப்புத் தரையில் வெள்ளைச் சில்லுகளால் தானித் தெய்வத்தின் சின்னம்: கீழே முக்கோணம், நடுவில் ஒரு கோடு, மேலே வட்டம். எனக்குத் துனிசியாவில் ஓர் இடம்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், எல் ஜெம்மை விட்டுவிட்டு இங்கேதான் வருவேன்.

இன்னோர் ஊரான டூக்காவில் ரோமானியருக்கு முந்தைய, 21 மீட்டர் உயரக் கல்லறைக் கோபுரம் நிற்கிறது. இரு மொழிக் கல்வெட்டு ஒன்று அதில் இருந்தது. 1842இல் பிரிட்டிஷ் தூதர் அந்தக் கல்வெட்டுக்காகக் கோபுரத்தையே இடித்துவிட்டார்! கோபுரத்தைப் பிற்பாடு எடுத்துக் கட்டினார்கள். கல்வெட்டோ லண்டனில் இருக்கிறது. பழைய லிபிய எழுத்தைப் படிக்க வழிகாட்டியதே அதுதான். மகத்தான கல்வெட்டு, அதற்காக ஒரு கோபுரத்தை இடித்ததை இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாகத் தலைநகர் துனிஸில் பார்டோ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இந்த நாட்டின் பழைய வீட்டுத் தரைகள் பலவும் அங்கே சுவர்களில் ஏறியிருக்கின்றன! சூஸ் நகரில் கிடைத்த மொசைக் ஒன்றைத் தவறவிடாதீர்கள். மடியில் ஏட்டுச்சுருளோடு கவிஞர் வர்ஜில், இருபுறமும் கலைத் தேவதைகள். கார்த்தேஜை நிறுவிய அதே எலிசாவின் காதலைக் காவியமாக்கியவர் அவர்தான்!