மாற்றிய வீடியோவில் ஒலி மறைவது ஏன்?

குடியாத்தம், ஆம்பூர் வட்டாரச் சங்கங்கள் பலவற்றில் மகாசபைக் கூட்டங்களையும் செயல்விளக்கங்களையும் கைப்பேசியிலேயே பதிவு செய்து வைக்கின்றனர். நாம் ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் கூறும் குறை ஒன்றுண்டு. கைப்பேசியில் நன்றாகப் பேசிய படம், கணினியில் வேறு வடிவத்திற்கு மாற்றியதும் ஊமையாகிவிடுகிறது என்பதே அது.

ஒரு நெசவாளர் சங்கத்தில், முதிய அங்கத்தினர் ஒருவர் கரை நெய்யும் முறையை விளக்கியதைப் பழைய கைப்பேசியில் பதிந்திருந்தனர். வடிவம் மாற்றியவுடன், இடம் போதவில்லையென்று மூலக்கோப்பை அழித்துவிட்டனர். இப்பொழுது அவர் கைகள் அசைவதைக் காணலாம். அவை ஏன் அவ்வாறு அசைகின்றன என்று சொன்ன குரல் போய்விட்டது.

நூல் சிப்பத்தை எண்ணிப் பாருங்கள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, 3ஜிபி என்பனவெல்லாம் மேலுறையின் பெயர்களே. உள்ளே படம் ஒரு சிட்டமாகவும் ஒலி வேறொரு சிட்டமாகவும் தனித்தனியே உள்ளன. ஒவ்வொன்றையும் சுருக்கிவைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். பழைய கைப்பேசிகளின் 3ஜிபி கோப்புகளில் பெரும்பாலும் ஏஎம்ஆர் என்னும் முறையில் ஒலி இருக்கும். தொலைபேசிப் பேச்சிற்கென ஏற்பட்ட முறை அது. 1999-இல் தரமாக ஏற்கப்பட்டது. மாற்றும் மென்பொருளுக்கு அம்முறை தெரியாவிடில், ஒலியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கட்டித் தந்துவிடும். எச்சரிக்கை ஏதேனும் வந்தாலும் ஒரு சிறு வரியாகவே வரும். அதை யார் படிக்கிறார்கள்!

ஆகவே ஊமைப் படம் இருவகைப்படும். ஒலி கோப்பிலேயே இல்லாதது ஒன்று. ஒலி இருந்தும் இயக்கும் கருவிக்கு அது புரியாதது மற்றொன்று. இதைப் பிரித்தறிய விஎல்சி என்னும் மென்பொருள் போதும். பாரிஸில் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியின் பயனாகிய இது இலவசமாகவே கிடைக்கிறது. இதில் கோப்பைத் திறந்து, 'டூல்ஸ்' பட்டியில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' என்பதைப் பார்க்கவும். 'ஆடியோ' என்னும் பகுதி காணப்பட்டால் ஒலி உள்ளேதான் இருக்கிறது. மாற்றிய கோப்பில் அப்பகுதி இல்லையேல், அதைத் திருத்த முயல்வது வீண். மூலக்கோப்பிலிருந்து மறுபடி மாற்றுவதொன்றே வழி.

மறுபடி மாற்றுகையில், ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் 'ஆடியோ' பகுதியைத் திறந்து, ஒலித்தடம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, கோடெக்கை ஏஏசி என்று அமைக்கவும். எம்பி4 உறையில் ஏஏசி ஒலியைப் பெரும்பாலான கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் ஏற்கும். நீண்ட பதிவாயின் முதலில் ஒரு நிமிஷம் மட்டும் மாற்றிக் கேட்டுப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக்கத்தரியின் சாகுபடியை விளக்கிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோர், அனுப்புமுன் திரையில் தோன்றும் ஒலிபெருக்கிக் குறியைக் கவனிக்க வேண்டும். விரல் தவறிப் பட்டால் ஒலி நீங்கிய படமே போய்ச்சேரும். அனுப்பியவர் கைப்பேசியில் உள்ள மூலத்திற்கு இதனால் கேடில்லை. குறியைச் சரிசெய்து மீண்டும் அனுப்பலாம்.

மாற்றிய கோப்பை முதலிலும் நடுவிலும் முடிவிலும் கேட்டுப் பார்க்கும்வரை மூலக்கோப்பை அழிக்கலாகாது. மகாசபைப் பதிவாயின் அதன்பின்னும் ஒரு பென்டிரைவில் வைத்து, தேதியைச் சங்கப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.